சிறிய த்ரீ-பெட்டா, நேரடி ஆல்-இன்னா? டோர்னமெண்ட் போக்கரில் ரீரெய்ஸ் முறைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

டோர்னமெண்ட் போக்கரில் பிளாப்புக்கு (மேசையில் திறக்கப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளுக்கு) முன்பே ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டார், அதாவது பந்தயத்தை உயர்த்திவிட்டார், அடுத்த முறை உங்களுடையது, கையில் இருப்பதோ தூக்கி எறிய மனம் வராத சீட்டு. இந்த இடத்தில் ரீரெய்ஸ் செய்வதை ஆட்டக்காரர்கள் த்ரீ-பெட் என்கிறார்கள். சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் பிளைண்டை முதல் பந்தயமாகவும், ஆட்டத்தைத் திறந்த ரெய்ஸை இரண்டாவதாகவும் எண்ணினால் இது மூன்றாவது. இதைப் பற்றிய விவாதங்கள் வழக்கமாக இரண்டு தனித்தனித் திசைகளில் நடக்கின்றன. ஒன்று, அளவு: சிறியதாகப் போட்டுச் சிப்ஸை மிச்சம் வைத்துக்கொள்வதா, ஒரேயடியாக ஆல்-இன் (கையிலுள்ள சிப்ஸ் முழுவதும்) போடுவதா என்பது. மற்றொன்று, எந்தெந்தக் கைகளைக் கொண்டு போடுவது என்பது. இவ்விரண்டும் உண்மையில் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பதே என் கருத்து. நாம் த்ரீ-பெட் போட்ட பிறகு எதிராளி தன் சிப்ஸ் முழுவதையும் நடுவில் தள்ளினால் இந்தக் கை என்ன செய்யும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், அளவும் கைகளின் தேர்வும் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும்.

ஒப்பிடுவதற்கு ஒரே சூழலை எடுத்துக்கொள்வோம். கட்-ஆஃப் இடத்தில் (பட்டனுக்கு ஓர் இடம் முன்னால்) இருப்பவர் 2.2 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்திருக்கிறார்; இரு பிளைண்டுகளில் பெரியதான இதுவே இனி வரும் எண்களுக்கு அலகு. நாம் பட்டனில், அதாவது பிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில், இருக்கிறோம். பிக் பிளைண்டில் இருப்பவரே மேசை முழுவதற்கும் ஒரு பிளைண்ட் அளவு ஆன்டி என்ற கூடுதல் கட்டாயப் பந்தயத்தைக் கட்டுகிறார். ஆக, நம் முறை வரும்போது, ஸ்மால் பிளைண்டின் 0.5-ஐயும் சேர்த்து, பாட் எனப்படும் நடுத் தொகையில் 4.7 பிளைண்ட் கிடக்கிறது. இருவரிடமும் ஆளுக்கு 20 பிளைண்ட் இருப்பதாகக் கொள்வோம். நமக்குப் பின்னால் இருக்கும் இரு பிளைண்ட் ஆட்டக்காரர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை; அவர்களையும் சேர்த்தால் கீழே வரும் எண்கள் சற்றே நமக்குப் பாதகமாக நகரும்.

முதல் முறையில் 5.5 பிளைண்டுக்கு த்ரீ-பெட் போடுகிறோம். 4.7-ஐ வெல்ல 5.5-ஐப் பணயம் வைப்பதால், எதிர்ப்பு வந்த ஒவ்வொரு முறையும் தோற்றுப்போவதாகவே வைத்துக்கொண்டாலும், எதிராளி 54 சதவீதம் ஃபோல்ட் செய்தால் (சீட்டை வீசி விலகினால்) நட்டம் இல்லை. இரண்டாம் முறையில் 20 பிளைண்டையும் தள்ளுகிறோம். கால் வரும்போது (எதிராளி அதே தொகையைக் கட்டி ஈடுகொடுக்கும்போது) நம் கை மூன்றில் ஒரு பங்கு வெல்லும் என்றால், தேவைப்படும் ஃபோல்ட் ஏறத்தாழ 55 சதவீதம். அதே கை 40 சதவீதம் வெல்லக்கூடியதாக இருந்தால் 39 சதவீத ஃபோல்டே போதும். மேலோட்டமாகப் பார்த்தால் 54-க்கும் 55-க்கும் வேறுபாடே இல்லை. குறைந்த சிப்ஸைப் பணயம் வைக்கும் முதல் முறையே புத்திசாலித்தனம் என்று தோன்றும். பலர் இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

எதிராளியின் நாற்காலியிலிருந்து பார்த்தால் காட்சி மாறுகிறது. 5.5-க்கு எதிராக அவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 3.3 மட்டுமே, அதற்குத் தேவையான வெற்றி வாய்ப்பு சுமார் 24 சதவீதம். அவர் திறந்த கைகளில் மிகப் பல இந்த விலைக்குத் தொடரத் தகுந்தவை. ஆல்-இன்னுக்கு எதிராகவோ அவருக்கு ஏறத்தாழ 42 சதவீதம் வேண்டும். ஆகவே கிங்-ஜாக், சிறிய ஜோடி, ஒரே இனத்து அடுத்தடுத்த சீட்டுகள் எல்லாம் வீசப்படுகின்றன. அதாவது, இரு முறைகளுக்கும் தேவைப்படும் ஃபோல்ட் ஏறத்தாழ சமமாக இருந்தாலும், கிடைக்கும் ஃபோல்ட் சமமாக இருப்பதில்லை.

இப்போது அந்த முக்கியக் கேள்விக்கு வருவோம். 5.5 போட்ட பிறகு எதிராளி ஆல்-இன் போட்டால், மிச்சமிருக்கும் 14.5-ஐக் கொடுத்து 28-ஐ வெல்ல முயல வேண்டும். அதற்கு 34 சதவீத வெற்றி வாய்ப்பு தேவை. இந்த 34 என்ற எண்தான் 20 பிளைண்ட் ஆழத்தில் (சிப்ஸ் கையிருப்பின் அளவில்) கைகளை மூன்றாகப் பிரிக்கும் கோடு. ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் கோட்டுக்கு வெகு மேலே இருக்கின்றன. அவை எதிராளியின் ஆல்-இன்னை வரவேற்கும் கைகள் என்பதால் சிறிய அளவே அவற்றுக்கு லாபம். வேறு இனத்து ஏஸ்-9, கிங்-10 போன்றவை, எதிராளி ஆல்-இன் போடும் இறுக்கமான கைகளுக்கு எதிராகக் கோட்டுக்குக் கீழே விழுகின்றன. அவற்றை வருத்தமின்றி வீசிவிடலாம் என்பதால், சிறிய அளவில் பிளஃப் செய்ய (பலமில்லாமலே மிரட்ட) அவையே பொருத்தம். கோட்டின் மேலேயோ அதை ஒட்டியோ நிற்கும் நடுத்தர ஜோடிகள், ஒரே இனத்து ஏஸ்-ஜாக், ஏஸ்-5, ஒரே இனத்து கிங்-குயின் ஆகியவைதான் சிக்கல். இவற்றைச் சிறிதாகப் போட்டு எதிராளியின் ஆல்-இன்னுக்கு வீசினால் பாட் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான உரிமையை விட்டுக்கொடுக்கிறோம். கால் செய்தாலோ, எதிராளி ஃபோல்ட் செய்யும் வாய்ப்பை நாமே கெடுத்துக்கொண்டு, பின்தங்கிய நிலையில் சீட்டைத் திறக்கிறோம். ஆகவே இவற்றின் இடம் நேரடி ஆல்-இன், அல்லது வெறும் கால்.

பார்வைக்கு அழகான ஒரே இனத்து ஏஸ்-5, வெறுங்கையாகத் தெரியும் வேறு இனத்து ஏஸ்-9-ஐ விட இந்த ஆழத்தில் சிறிய த்ரீ-பெட்டுக்கு மோசமானது என்பதை ஏற்க எனக்கே வெகு நாளாயிற்று. கையின் பலத்தைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, வீசுவதற்கு எளிதாக இருப்பதும் ஒரு தகுதி என்பது உறைப்பதில்லை.

ஏஸ்-9-க்கு இன்னொரு தகுதியும் உண்டு. பிளாக்கர் என்று சொல்லப்படும் அந்தக் கணக்கு மிக எளிது. எதிராளி ஏஸ், கிங், குயின் ஜோடிகளோடும் ஏஸ்-கிங்கோடும் மட்டுமே எதிர்ப்பார் என்று கொள்வோம். ஒவ்வொரு ஜோடியும் 6 விதமாகவும், ஏஸ்-கிங் 16 விதமாகவும் அமையலாம், மொத்தம் 34. நம் கையில் ஓர் ஏஸ் இருந்தால் ஏஸ் ஜோடி 3-ஆகவும், ஏஸ்-கிங் 12-ஆகவும் சுருங்கி, மொத்தம் 27 ஆகிறது; ஐந்தில் ஒரு பங்கு எதிர்ப்பு காணாமல் போகிறது. கிங் வைத்திருந்தாலும் அதே 27-தான். ஜாக்-10 வைத்திருப்பவருக்கு அந்த 34-இல் ஒன்றுகூடக் குறைவதில்லை. எதிராளி எதிர்க்கும் கைகளின் தொகுப்பு, அதாவது வரம்பு, விரிந்து ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக் ஆகியவையும் சேரும்போது ஏஸின் பயன் கிங்கை முந்துகிறது.

ஆழம் மாறினால் இந்தத் தீர்ப்பும் மாறுகிறது. 40 பிளைண்டில் 7-க்கு த்ரீ-பெட் போட்டு, எதிராளி 40-ஐயும் தள்ளினால், நமக்குத் தேவை 40 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு வெல்லும் ஏஸ்-5 இப்போது தயக்கமின்றி வீசக்கூடிய கையாகிறது. கால் வந்தால் பிளாப்பில் ஃப்ளஷுக்கும் (ஒரே இனத்து ஐந்து சீட்டு) ஸ்ட்ரெய்ட்டுக்கும் (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) வழி இருப்பதால், 20 பிளைண்டில் பொருந்தாத அதே கை இங்கே சிறந்த பிளஃப்பாகிறது. மறுபக்கம், 4.7-ஐ வெல்ல 40-ஐத் தள்ளுபவருக்கு, அதே மூன்றில் ஒரு பங்கு கையோடு, ஏறத்தாழ 73 சதவீத ஃபோல்ட் தேவைப்படுகிறது. அந்த ஆழத்தில் நேரடி ஆல்-இன் போட்டியிலிருந்து விலகிவிடுகிறது என்றே சொல்லலாம். 12 பிளைண்டில் நிலைமை நேர் எதிர். அங்கே ஆல்-இன்னுக்கு 40 சதவீத ஃபோல்ட் போதும், 5.5 போடுவதோ சிப்ஸில் பாதியை நடுவில் வைத்துவிட்டுத் தப்பிக்க வழி இருப்பதாக நடிப்பதுதான். ஆகவே இரு முறைகளும் உண்மையில் மோதிக்கொள்வது, என் கணிப்பில், ஏறத்தாழ 15 முதல் 28 பிளைண்ட் வரையிலான இடைவெளியில் மட்டுமே.

இனி கைகளின் தேர்வு. ஒரு தரப்பினர் மேலிருந்து வரிசையாக எடுத்து, நல்ல கைகள் அனைத்தையும் த்ரீ-பெட் போடுகிறார்கள். இதை நேர்கோட்டு வரம்பு எனலாம். மறுதரப்பினர் மிக வலுவானவற்றையும் பலவீனமான சிலவற்றையும் மட்டும் எடுத்து, நடுவில் இருப்பவற்றைக் கால் செய்ய ஒதுக்குகிறார்கள். இது இருதுருவ வரம்பு. இரண்டாவதே நவீனமானது, முதலாவது பழையது என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. நடுக் கைகளுக்குக் கால் செய்வது எவ்வளவு மலிவு என்பதே இங்கு தீர்மானிக்கும் காரணம்.

பிக் பிளைண்டில் இருப்பவர் மேற்சொன்ன 2.2 ரெய்ஸைப் பார்க்க இன்னும் 1.2 கொடுத்தால் போதும். ஏறத்தாழ 20 சதவீத வாய்ப்பு இருந்தாலே கால் நியாயமாகிறது, அவருக்குப் பின்னால் ரெய்ஸ் செய்ய யாரும் இல்லை. அவ்வளவு மலிவாகப் பிளாப்பைப் பார்க்க முடியும்போது, கிங்-ஜாக்கையோ 7 ஜோடியையோ த்ரீ-பெட்டாக்கி எதிராளியின் ஆல்-இன்னுக்கு இரையாக்க வேண்டியதில்லை. எனவே பிக் பிளைண்டில் இருதுருவம் இயல்பாகப் பொருந்துகிறது. ஸ்மால் பிளைண்டிலோ 1.7 கொடுக்க வேண்டும், பின்னால் பிக் பிளைண்ட் ஆட்டக்காரர் விழித்திருக்கிறார், பிளாப்புக்குப் பிறகு எல்லாச் சுற்றிலும் முதலில் பேச வேண்டியவரும் நாமே. கால் செய்வது அங்கே அடிக்கடி நட்டத்தில் முடிவதால், ஆட விரும்பும் கைகளை வரிசையாக த்ரீ-பெட் போடும் நேர்கோட்டு முறைதான் மேல். இடம் பாதகமாக இருப்பதால் அளவும் சற்றுப் பெரிதாக வேண்டும்: பட்டனில் எதிராளியின் ரெய்ஸைப் போல் மூன்று மடங்குக்கும் குறைவாகப் போட்டவர், ஆழமான சிப்ஸோடு ஸ்மால் பிளைண்டில் இருந்தால் நான்கு மடங்கு வரை போகலாம்.

எதிராளியின் குணமும் இதில் உண்டு. த்ரீ-பெட்டுக்கு வீசவே மாட்டேன் என்று ஏஸ்-10, கிங்-குயின் வகைக் கைகளோடு கால் செய்பவருக்கு எதிராக இருதுருவத்தின் அடிப்பகுதி வெறும் நன்கொடை. அவருக்கு எதிரே ஏஸ்-குயினும் ஏஸ்-ஜாக்கும்தான் சம்பாதிக்கும் கைகள். ஒரே ஏஸைப் பகிர்ந்துகொண்டு பக்கச் சீட்டில் பின்தங்கிய கையோடு அவர் தொடரும்போது, பத்தில் ஏழு முறை பாட் நம்முடையது. ஆல்-இன் போடுவார் அல்லது வீசுவார், கால் மட்டும் செய்ய மாட்டார் என்ற வகையினருக்கு எதிராக இருதுருவம் வெல்கிறது. அவரிடம் நடுத்தரக் கையைப் போட்டுத் திண்டாடுவதில் பொருளில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரே மதிப்பு என்ற அனுமானத்தில் நிற்கிறது. பரிசுக் கட்டத்தை நெருங்கும்போது அந்த அனுமானம் உடைகிறது. சிப்ஸைப் பரிசின் மதிப்பாக மாற்றிக் காட்டும் ஐசிஎம் கணக்கு, குதிரைப் பந்தயத்தின் இரண்டாம், மூன்றாம் இடங்களைக் கணிக்க டேவிட் ஹார்வில் 1973-இல் வெளியிட்ட சூத்திரத்தையே அடிப்படையாகக் கொண்டது. அதன் கடுமையைக் காண ஓர் எல்லை நிலையே போதும். நான்கு பேர், சமமான சிப்ஸ், மூன்று சமமான பரிசுகள். ஒவ்வொருவருடைய பங்கும் ஒரு பரிசின் 75 சதவீதம். ஒருவர் ஆல்-இன் போட, நீங்கள் கால் செய்து வென்றால் 100 சதவீதம், தோற்றால் பூச்சியம். பிளைண்டுகளைப் புறக்கணித்தால், கால் செய்ய 75 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். வேறு இனத்து ஏஸ்-கிங், எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளியிருந்தாலும் ஏறத்தாழ 65 சதவீதம்தான் வெல்லும். ஆகவே அதையும் வீச வேண்டும். சாதாரணப் பரிசுப் பட்டியலில் நெருக்கடி இந்த அளவுக்கு இருப்பதில்லை, ஆனால் அது நகரும் திசை இதுவே.

இந்த நெருக்கடி இரு முறைகளையும் சமமாகத் தாக்குவதில்லை. மேசையில் மற்றவர்களை விட அதிகச் சிப்ஸ் வைத்திருப்பவருக்குச் சிறிய த்ரீ-பெட் வலிமை பெறுகிறது: அதற்குப் பதிலாக ஆல்-இன் போட வேண்டியவர் தன் டோர்னமெண்ட் முழுவதையும் பணயம் வைக்கிறார், போட்டவரோ 5.5-ஐ மட்டுமே. எதிர்ப்பு வரம்பு பெரிய ஜோடிகளும் ஏஸ்-கிங்குமாகச் சுருங்குவதால், மேலே பார்த்த பிளாக்கர் கணக்கும் அங்கே கூர்மையடைகிறது. நடுத்தர அளவு சிப்ஸோடு, தன்னை விடப் பெரியவரின் ரெய்ஸை எதிர்கொள்பவருக்கு அதே சிறிய த்ரீ-பெட் பொறியாகிறது. ஏஸ்-குயினைச் சிறிதாகப் போட்டு, பெரியவர் முழுவதையும் தள்ளினால், சிப்ஸ் கணக்கு கால் செய்யச் சொல்லும். பரிசுக் கணக்கு வீசச் சொல்லும். அவர் அந்தக் கையைக் கால் செய்து பிளாப்பைப் பார்ப்பதோ, வேண்டுமென்றால் முதலிலேயே ஆல்-இன் போட்டு முடிவெடுக்கும் சுமையை எதிராளியிடம் தள்ளுவதோ நல்லது.

நாக்அவுட் டோர்னமெண்டுகளில் இது தலைகீழாகிறது. ஒருவரை வெளியேற்றினால் தனிப் பரிசு கிடைக்கும் என்பதால், உங்களை விட அதிகச் சிப்ஸ் உள்ளவர் இன்னும் தளர்வாகக் கால் செய்வார். ஃபோல்டை நம்பிப் போடும் ஏஸ்-9 வகைச் சிறிய த்ரீ-பெட்டுகளும் இருதுருவத்தின் அடிப்பகுதியும் அங்கே முதலில் கழிக்கப்பட வேண்டியவை, எஞ்சுவது நேர்கோட்டு வரம்பின் மேல்பகுதிதான்.