கேல்தாஸ்: ஆறு அத்தியாயத்தில் கட்டியதை ஒரே வரியில் இடித்தார்கள்

வார்கிராஃப்ட் வீடியோ கேம்கள் பக்கம் புதிதாக வந்திருக்கும் நண்பர், பிளட் எல்ஃப் இனத்தின் இளவரசன் கேல்தாஸைப் பற்றிக் கேட்டார்: "கேல்தாஸ் கடைசியில பைத்தியம் பிடிச்ச வில்லன்தானே, அவனுக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டறீங்க?" 2007-ல் வந்த பர்னிங் க்ரூசேடில் அவனை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். 2003-ன் ஃப்ரோசன் த்ரோனை ஆடியவர்களால் அப்படிச் சொல்லவே முடியாது.

அதன் பிளட் எல்ஃப் கேம்பெய்னில் முதல் இரண்டு அத்தியாயங்களை அவசரப்படாமல் ஆடிப் பாருங்கள். மனிதப் படைத் தளபதி காரித்தோஸ் கேல்தாஸுக்கு வேலை ஏவுகிறான். ஆற்றைக் கடக்கப் படகில்லை. பாம்புடல் கொண்ட நாகர்களின் தலைவி வாஷ்ஜ் படகு தருகிறாள். அடுத்து அன்டெட் (உயிர்த்தெழுந்த பிணங்களின்) படை வருவது தெரிந்தும் காரித்தோஸ் மனித வீரர்களை எல்லாம் திரும்ப அழைத்துக்கொண்டு எல்ஃப்களை மட்டும் நிறுத்திவிட்டுப் போகிறான். நாகர் உதவியை ஏற்றால் துரோகி, மறுத்தால் சாவு. ஆடுகிற நமக்கும் மூன்றாவது வழி கிடையாது. மூன்றாம் அத்தியாயத்தில், நாகர்களோடு சேர்ந்ததற்காகக் காரித்தோஸ் அடைத்த டலரான் சிறை. கேல்தாஸின் திறன்களில் சைஃபன் மானாவைக் கவனியுங்கள்: எதிரியின் மானாவை, அதாவது மந்திர சக்தியை, உறிஞ்சும், அதே திறன் நம் ஆளுக்கும் கொடுக்கும். மந்திரப் பசியில் சாகும் இனத்தின் இளவரசனுக்கு இதைவிடப் பொருத்தமான திறன் இருக்க முடியாது.

பிறகு பர்னிங் க்ரூசேடில், நெதர்ஸ்டார்ம் பகுதியில் மானாஃபோர்ஜ் என்ற மந்திர ஆலைகளை நட்டு நிலத்தையே உறிஞ்சியது, நாரு என்ற ஒளி உயிரைப் பிடித்துத் தன் இனத்தின் தலைநகர் சில்வர்மூனுக்கு அனுப்பியது, இதெல்லாம் தப்புதான். ஆனால் பசித்த ஜனங்களுக்குப் பொறுப்பேற்றவன் செய்யக்கூடிய தப்பு. அதுவரை கதை நேர்மையாகத்தான் போகிறது.

அரக்கர் தலைவன் கில்ஜேடனிடம் போய்ச் சேர்ந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அன்டெட்களின் அரசனான லிச் கிங்கை உருவாக்கியவனே கில்ஜேடன். அந்த லிச் கிங்கின் வாளைப் பிடித்துக்கொண்டுதான் ஆர்தஸ் என்ற மனித இளவரசன் எல்ஃப்களின் நாடான க்வெல்தலாஸை அழித்தான், கேல்தாஸின் அப்பாவைக் கொன்றான், அவர்களின் மந்திர ஊற்றான சன்வெல்லைக் கெடுத்தான். குடும்பத்தையும் நாட்டையும் அழித்த கைக்குப் பின்னால் இருந்தவனிடம் ஒருவன் சரணடைகிறான் என்றால், அந்த ஒரு இரவையாவது காட்ட வேண்டாமா? கேமில் அந்தக் காட்சி எங்கும் இல்லை. குவெஸ்ட் எழுத்தில் செய்தியாக வருகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பர்னிங் க்ரூசேடில் டெம்பெஸ்ட் கீப் கோட்டையில் அவனோடு நடக்கும் சண்டை அபாரமானது. முதலில் அவனுடைய நான்கு ஆலோசகர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அவர்களில் தாலட்ரெட் யாரை முறைக்கிறானோ அவர் ஓடியே ஆக வேண்டும். கேபர்னியனை ஒரு வார்லாக் (சூனியக்காரர்) தூரத்திலிருந்தே டேங்க் செய்ய, அதாவது அடியைத் தன் பக்கம் இழுத்துத் தாங்க, வேண்டும். அடுத்து ஏழு ஆயுதங்கள் உயிரோடு வந்து தாக்கும். அவை விழுந்ததும் ஒவ்வொன்றிலும் லூட் எடுத்து உடனே மாட்டுங்கள், ஏனென்றால் நான்கு ஆலோசகர்களும் ஒரே நேரத்தில் எழுந்து வருவார்கள். பல குழுக்கள் கவிழ்வது இங்கேதான். அந்த ஆயுதங்களில் கேடயமான ஃபேஸ்ஷிஃப்ட் புல்வார்க் டேங்க்கிடம் இல்லாவிட்டால் கேல்தாஸ் வீசும் பைரோபிளாஸ்ட் தீப்பிழம்பு அவரை முடித்துவிடும். அவன் மந்திரத்தில் மனம் மாறிப்போன நம் ஆட்களை மீட்க இன்ஃபினிட்டி பிளேடு என்ற கத்தி ஒருவர் கையில் இருந்தே ஆக வேண்டும். அவனைச் சுற்றியுள்ள ஷாக் பேரியர் கவசத்தை உடைத்த பிறகுதான் பைரோபிளாஸ்ட்டைத் தடுக்க முடியும், அதற்கு முன் மந்திரத்தை இடைமறிக்கும் இன்டரப்ட்டை வீணாக்காதீர்கள்.

இப்படி ஒரு மரணத்தைக் கொடுத்தவர்கள் அத்தோடு விட்டிருக்கலாம். 2008-ல் வந்த 2.4 பேட்ச்சில் (கேமின் புதுப்பிப்பில்) மாஜிஸ்டர்ஸ் டெரஸ் என்ற இடத்தில் நெஞ்சில் பச்சைக் கல்லோடு எழுந்து வந்து, டெம்பெஸ்ட் கீப் ஒரு பின்னடைவு மட்டும்தான் என்கிறான். இருபத்தைந்து பேர் சேர்ந்து வீழ்த்தியதற்கும் மதிப்பில்லை, அவனுடைய துயரத்துக்கும் மதிப்பில்லை. ஐந்து பேர் போகும் டஞ்சனில் கேலிப்பொருளாகிச் செத்தான்.

2020-ல் வந்த ஷேடோலேண்ட்ஸ் கொஞ்சம் ஈடுகட்டியது. அங்கே காஸில் நாத்ரியா கோட்டையில் அவனை அடிக்க வேண்டியதில்லை, ஹீலர்கள் அவன் உயிரை முழு அளவுக்கு ஏற்ற வேண்டும். அந்த எண்ணம் அழகு. ஆனால் இறந்தவர்கள் பாவத்துக்குத் தண்டனை அனுபவிக்கும் உலகமான ரெவெண்ட்ரெத் அவனிடம் கேட்பது கர்வத்துக்கான மன்னிப்பு. காரித்தோஸின் சிறைக்கு யாரும் மன்னிப்பு கேட்கவில்லை.

ஆகவே நண்பருக்குச் சொல்வது: ஃப்ரோசன் த்ரோனின் பிளட் எல்ஃப் கேம்பெய்னை ஆறாம் அத்தியாயம் வரை ஆடுங்கள். டெம்பெஸ்ட் கீப் சண்டை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் கதைக்காக அங்கே போகாதீர்கள். டெரஸுக்கு, அங்கே கிடைக்கும் ஃபீனிக்ஸ் குஞ்சு என்ற செல்லப்பிராணி வேண்டுமென்றால் போங்கள், போகும் முன் சவுண்டு செட்டிங்கில் டயலாக் அளவைச் சுழியமாக்கிவிடுங்கள்.