தொட்டாச்சிணுங்கி வளர்ப்பு கிட்: விதை அருமை, கையேடு சுமார்

பசங்களுக்காக ஆன்லைன்ல வாங்கின கிட். விதை பாக்கெட், தேங்காய் நார் வட்டு, குட்டித் தொட்டிங்க, ஒரு கையேடு, அவ்ளோதான். விதை நல்ல தரம், தோல் கெட்டியா இருக்குங்கறதால சுடுதண்ணில ராத்திரி முழுக்க ஊறவெச்சு போட்டோம், பெரும்பாலும் முளைச்சிடுச்சு. தொட்டி மட்டும் ரொம்பச் சின்னது, செடி கொஞ்சம் வளர்ந்ததுமே மாத்தியாகணும்.

செடி வந்தப்புறம் சும்மா பாத்துட்டே இருக்கலாம்ங்க. விரல் பட்டதும் சிற்றிலைங்க ஜோடி ஜோடியா வரிசையா மூடிட்டே போகும், கொஞ்சம் பலமா தட்டினா காம்போட மொத்த இலையும் தொங்கிடும். கையேட்டுல "செடிக்கு வெட்கம்"னு ஒரு படம் போட்டு விஷயத்தை முடிச்சிட்டாங்க, எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம், ஏன்னா நிஜத்துல நடக்கறது இன்னும் பிரமாதம். காம்போட அடியில சின்னதா ஒரு புடைப்பு இருக்கு பாருங்க, தொட்டதும் ஒரு மின் சிக்னல் அங்க ஓடி வரும், அந்தப் புடைப்போட ஒரு பக்க செல்லுங்கள்லேர்ந்து பொட்டாசியம், குளோரைடு அயனிங்க வெளியேறும், பின்னாடியே தண்ணியும் போயிடும், விறைப்பு போய் இலை மடங்கிடும். தசையும் இல்ல நரம்பும் இல்ல, வெறும் தண்ணி அழுத்தம்! திரும்ப விரிய கால் மணி நேரம் மாதிரி ஆகுது.

ராத்திரியானா தொடாமலே மூடிக்கும். 1729லயே பிரான்ஸ்ல தெ மேரான்னு ஒருத்தர் இதைப் போல ஒரு செடிய இருட்டுல வெச்சுப் பாத்தாரு, வெளிச்சமே இல்லாமயும் அது நேரத்துக்கு விரிஞ்சு மூடிச்சாம். அலமாரி இருந்தாப் போதும், பசங்களே செஞ்சு பாக்கலாம், இதையெல்லாம் கையேட்டுல போட்டிருக்க வேண்டாமா?

இன்னொண்ணு, "எவ்ளோ வேணா தொட்டு விளையாடுங்க"ன்னு அட்டையில போட்டிருக்காங்க, அது சரியில்ல. மூடின இலைல வெயில் படற பரப்பு குறைஞ்சிடும், உணவு தயாரிக்கறதும் குறையும், சும்மா சும்மா தொட்டா செடி சோர்ந்துடும். பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

விதைக்கும் செடிக்கும் 5க்கு 4, கையேட்டுக்கு 1. நல்லா வெயில் விழற ஜன்னல் இருந்தா தாராளமா வாங்கலாம், இல்லன்னா வேண்டாம்.