“உங்களுக்கென்றே” ஹிப்னோதெரபி: காசுக்குத் தகுமா?

சிங்கப்பூரில் ஹிப்னோதெரபி (மனத்தை ஆழ்ந்த கவனத்துக்குக் கொண்டுபோய்ப் பரிந்துரைகள் சொல்லும் சிகிச்சை) நிலையம் எதைக் கேட்டாலும் ‘உங்களுக்கென்றே வடிவமைத்த சிகிச்சை’ என்பார்கள். அது உண்மையா என்பது நீங்கள் கண்ணை மூடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். முதல் அமர்வு ஒன்றரை மணி நேரம் என்றால் பாதிக்கு மேல் கேள்விகளிலேயே போகவேண்டும்: தொல்லை எப்போது தொடங்கியது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், வலிப்பு உண்டா, மாயக்குரல் கேட்டதுண்டா, எதைக் கண்டால் பயம். பத்தாவது நிமிடமே நாற்காலியைச் சாய்த்தால், கிடைக்கப்போவது எல்லாருக்கும் வாசிக்கும் அதே உரைதான்.

கேள்வி கேட்காவிட்டால் என்ன கெட்டுப்போகும்? மனத்தை ஆழப்படுத்தும் கட்டத்தில், ‘மின்தூக்கியில் பத்தாம் மாடியிலிருந்து இறங்குகிறீர்கள்’ என்பது வழக்கமான வாசகம். வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்குப் பழகிய காட்சி. வந்தவருக்கு மூடிய இடம் ஆகாது என்றால், ஏழாம் மாடி வருவதற்குள் மூச்சு வாங்கும், இமை துடிக்கும், விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கும். தொழில் தெரிந்தவர் அங்கேயே நிறுத்தி, மூச்சை எண்ணச் சொல்வார். தெரியாதவர் தரைத்தளம்வரை எண்ணிக்கொண்டே போவார்.

மயக்கமெல்லாம் வராது. வெளியே போகும் லாரிச் சத்தம்கூடக் காதில் விழும். ‘எல்லாம் கேட்டதே, எனக்குப் பலிக்கவில்லை’ என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். எவ்வளவு ஆழ்வோம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். 1959இல் வந்த ஸ்டான்ஃபோர்ட் அளவுகோல் 12 சோதனைகள் வைத்து அதை அளக்கிறது.

அமர்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். பயந்த நேரத்தில் உங்கள் மனம் ‘ஒன்னும் ஆகாது’ என்றுதான் சொல்லிக்கொள்ளும் என்றால், சிகிச்சையாளர் உங்களிடம் சொல்லும் பரிந்துரையில் அந்த வார்த்தையையே சேர்க்கச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத சிகிச்சையாளரும் அதை எழுதிவைத்துச் சொல்லலாம்.

ஆதாரம் வலுவாக இருப்பது குடல் எரிச்சல் நோய்க்கு (IBS). மான்செஸ்டர் மருத்துவர் பீட்டர் வோர்வெல் 1984இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு 30 பேரை வைத்து நடந்தது, ஆளுக்கு 7 அமர்வு. வயிற்றில் கைவைத்து வெதுவெதுப்பை உணரச் செய்யும் முறை அது. ஒரே அமர்வில் சிகரெட் நின்றுவிடும் என்ற விளம்பரத்துக்கு அப்படிப்பட்ட பலம் இல்லை. முற்பிறவிக்கு அழைத்துப்போகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த நிலையில் தோன்றும் ‘நினைவு’ கற்பனையாகவே இருக்கும், ஆனால் நிஜம்போல் ஒட்டிக்கொள்ளும்.

சுவரில் தொங்கும் சான்றிதழ் வாரயிறுதி வகுப்பில் வாங்கியதாகவும் இருக்கலாம். மருத்துவர் என்று சொல்லிக்கொண்டால் சிங்கப்பூர் மருத்துவ மன்றப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். மனநல மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவே கூடாது. நெருக்கடி என்றால் 1771 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

தொகுப்புக் கட்டணத்தை முதல் நாளே கட்டாதீர்கள். வீட்டில் தினமும் கேட்க ஒலிப்பதிவு கேட்டு வாங்குங்கள் (எம்ஆர்டியில் கேட்டால் இறங்கவேண்டிய நிலையம் போய்விடும்). அதில் உங்கள் ‘ஒன்னும் ஆகாது’ வருகிறதா, இல்லை அதே மின்தூக்கி இறங்குகிறதா என்று பாருங்கள்.