நாலு வருஷமாக அசையாத க்ளீட்

2021ல் பழைய 14 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினேன். புதுச்சேரியில், சுண்ணாம்பாற்றில் நோணாங்குப்பம் பக்கம் கட்டி வைத்திருக்கிறேன். முன்பாய்க் கயிற்றைப் பூட்டும் க்ளீட்டை முந்தைய உரிமையாளர் வெறும் ஸ்க்ரூவில் முடுக்கியிருந்தார். முகத்துவாரம் அருகே காற்று ஒரு தடவை ஓங்கி அடித்ததும், ஃபைபர் மேலுள்ள வழவழப்பான ரெசின் பூச்சான ஜெல்கோட்டையும் பெயர்த்துக்கொண்டு க்ளீட் என் மடியில் விழுந்தது.

சரி, போல்ட் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆறே மாதத்தில் அதைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல். தளம் 4 மி.மீ. தடிப்புதான், கயிறு இழுக்கும்போதெல்லாம் வளைகிறது. நான் போட்டதோ ஒரு ரூபாய் நாணயம் அளவு வாஷர். தேங்காய்த்திட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்யும் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, வாஷரைப் பெரிசாக்கி என்ன ஆகப்போவுது? தளத்தைத் தடிப்பாக்கு" என்றார்.

உள்பக்கத்துப் பெயின்ட்டை உப்புத்தாளால் கண்ணாடி இழை தெரியும்வரை தேய்த்தேன். க்ளீட்டைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக 9 மி.மீ. மரைன் ப்ளைவுட், ஓரத்தைச் சரிவாகச் சீவி எபாக்ஸியில் ஒட்டி, மேலே மூன்று அடுக்கு கிளாஸ் துணி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஓர் அங்குலம் அகலம். அண்ணன் தன்னிடமிருந்த 'மேட்'டை, அதாவது நெய்யாமல் பசையால் ஒட்டிய கண்ணாடி இழை விரிப்பை, எடுத்துக் கொடுத்தார். அவருடைய பாலியெஸ்டர் ரெசினுக்கு அது பொருத்தம். அந்த மேட்டின் பசை எபாக்ஸியில் கரையாது, அதனால் துணிதான். போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியால் அடைத்து, இறுகிய பிறகு மறுபடி துளைத்தேன். தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

மே மாத மதியத்தில் 200 கிராம் எபாக்ஸியை ஒரே டம்ளரில் கலக்கியது என் முட்டாள்தனம். புகை வந்தது, டம்ளர் இளகிச் சாய்ந்தது. இப்போதெல்லாம் விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாக, தட்டையான தட்டில் ஊற்றித்தான் வேலை. ஆனால் நம்மூர் ஈரக்காற்றில், இறுகிய எபாக்ஸி மேல் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் வரும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் ஒட்டாது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. கரையேற்றிய படகைத் தென்னையோடு கட்டியிருந்த கயிறு இந்த க்ளீட்டில்தான் இருந்தது. படகு நிறையத் தண்ணீர். க்ளீட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

இதே மாதிரி போட்ட நாலு இடத்தில் ஒன்று மட்டும் சொதப்பல். அவசரத்தில் அந்தத் துண்டின் ஓரத்தைச் சீவாமல் விட்டேன். அதே கோட்டில் ஜெல்கோட் மயிரிழையாக வெடித்திருக்கிறது. அங்கே உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைக்காமல் போட்ட சாதாரண 304 ரக வாஷர்களிலிருந்து டீ நிறத்தில் கறை வேறு வழிகிறது. பாய்மரத்தின் அடியிலுள்ள ப்ளாக் (கயிறு ஓடும் கப்பி) இன்னும் பழைய சின்ன வாஷரில்தான் நிற்கிறது. மழை ஓய்ந்து ஜனவரி வந்ததும் இரண்டையும் கழற்ற வேண்டும்.