எக்ஸ்எம்எல் ஆர்டர்: அப்படியே வைப்பதா, பிரித்துப் போடுவதா?

கடைத் தளத்துக்கு ஆர்டர்கள் எக்ஸ்எம்எல்லாக, அதாவது டேக்குகளால் குறித்த உரைக் கோப்புகளாக வருகின்றன. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அதற்கென்றே ஒரு தரவு வகை உண்டு. கோப்பை அப்படியே போட்டுவிடலாம். மூடாத டேக் ஒன்று இருந்தாலும் உள்ளே விடாது. அனுப்புபவர் புதுப் புலம் சேர்த்தாலும் அட்டவணையைத் தொட வேண்டாம்.

தேடும்போதுதான் வலி தெரியும். இந்த வகைக்கு ஒப்பீட்டுக் குறிகளே (=, < போன்றவை) கிடையாது. விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸை நேரடியாகப் போட முடியாது. ஆவணத்துக்குள் ஒரு புலத்தைச் சுட்டும் எக்ஸ்பாத் கோவைக்குத் தனி இண்டெக்ஸ் போடாவிட்டால், ஒரு வாடிக்கையாளரைத் தேட ஒவ்வொரு ஆவணத்தையும் பிரித்துப் படிக்கும்.

அதனால் தினமும் தேடுவதை ஆர்டர், பொருள் என இரண்டு அட்டவணைகளாகப் பிரிப்பதே என் வழக்கம். 2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 10-ஆம் பதிப்பு முதல், எக்ஸ்எம்எல்லை அட்டவணை வரிசைகளாக்கும் எக்ஸ்எம்எல்டேபிள் அதை ஒரே வினவலில் முடித்துத் தருகிறது.

டிஜிட்டல் கையொப்பமிட்ட இன்வாய்ஸ் மட்டும் வேறு கதை. பிரித்ததை மறுபடி கோத்தால் மூலம் அப்படியே வராது. இடைவெளி மாறினாலும் கையொப்பச் சோதனை தோற்கலாம். அதன் மூலக் கோப்பை பைட்டுகளாகவே தனிப் பத்தியில் வையுங்கள்.