பார்படோசில் இரவு உணவு: ஓய்ஸ்டின்ஸ் மீன் கடைகளா, மேற்குக் கரை உணவகங்களா?

கரீபியன் தீவு நாடான பார்படோசில் வெளியே சாப்பிட விரும்புவோர் பெரும்பாலும் தென்கரையின் மீன்பிடி ஊரான ஓய்ஸ்டின்சுக்கோ, ஹோல்டவுனை ஒட்டிய மேற்குக் கரை உணவகங்களுக்கோ செல்கிறார்கள்.

ஓய்ஸ்டின்சில் வெள்ளிக்கிழமை இரவுதான் கூட்டம் அலைமோதும். மார்லின், சூரை, மாஹி-மாஹி ஆகிய மீன்களைத் துண்டம் போட்டு, கண்ணெதிரிலேயே தணலில் சுட்டோ எண்ணெயில் பொரித்தோ, மக்கரோனி பை (pie) எனப்படும், சீஸ் சேர்த்துச் சுட்ட மக்கரோனியும் பயறு கலந்த சோறும் சேர்த்துத் தட்டு நிறையத் தருகிறார்கள். மேசையில் இருக்கும் மஞ்சள் நிறச் சாஸை வெறும் கடுகுச் சாஸ் என்று எண்ணித் தாராளமாக ஊற்றிவிட வேண்டாம். அதில் அரைத்துச் சேர்க்கப்படும் ஸ்காட்ச் பானெட் மிளகாய், காரத்துக்குப் பழகிய நம் நாக்கையும் பதம் பார்த்துவிடும். காத்திருக்கப் பொறுமையும், கையில் ரொக்கமும் வேண்டும். அறிமுகமில்லாதவர்களோடு ஒரே மேசையில் அமரவும் நேரிடலாம்.

மேற்குக் கரையில் அமைதியும், உபசரிப்பும், சூரியன் கடலில் இறங்கும் காட்சியும் கிடைக்கின்றன. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில் முன்பதிவு செய்துவிடுவது நல்லது. விலைப்பட்டியல் எந்த டாலரில் உள்ளது என்பதையும் கேட்டறிய வேண்டும். 1975 முதல் 2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலருக்குச் சமமாக நிலைநிறுத்தப்பட்டுள்ளது. சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் தர வேண்டிய கட்டாயமில்லை.

மீனின் சுவைக்காக மட்டும் செல்வதானால் என் தேர்வு ஓய்ஸ்டின்ஸ்தான். சைவ உணவினருக்கு மேற்குக் கரையே வசதி. எங்கே சென்றாலும், ராணுவ உடை போன்ற வடிவமுள்ள துணிகளை அணியக் கூடாது. அந்நாட்டில் அது சட்டப்படி குற்றம்.