பிராண்டு மாத்திரையா, ஜெனரிக்கா?

சர்க்கரைக்கு மாதாமாதம் மெட்ஃபார்மின் வாங்குபவர்களின் குழப்பம் இது. கம்பெனி தன் பேர் சூட்டி விளம்பரப்படுத்துவது பிராண்டு; அதே மருந்து விளம்பரமில்லாமல் வருவது ஜெனரிக். வியாபாரம் எங்கே முடிந்து லாப வெறி எங்கே தொடங்குகிறது என்பதும் இதே மாத்திரை அட்டையில் தெரியும்.

விலை:
ஜெனரிக் – 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களில் (ஜன் ஔஷதி) பெரும்பாலும் பாதி விலைக்கும் கீழே.
பிராண்டு – மருந்தோடு விளம்பரம், டாக்டர் அறை வாசலில் பையோடு காத்திருக்கும் மருந்து கம்பெனி ரெப், அவர் தரும் பேனா, காலண்டர் எல்லாவற்றுக்கும் நாம்தான் கட்டுகிறோம்.

ஒரு கூத்து: சாதாரணக் கடைகளில் தரும் சில ஜெனரிக் அட்டைகளிலும் பிராண்டுக்கு இணையான விலை அச்சாகியிருக்கும். கடைக்காரர் வாங்கியது குறைந்த விலைக்கு; மிச்சம் அவருக்கு. பேரைக் கேட்டு ஏமாறாமல் விலையைப் பாருங்கள்.

தரம்:
மருந்தாக வேலை செய்யும் உட்பொருளும் அதன் அளவும் ஒன்றே. தரக்குறைவுப் புகார் இரண்டிலும் வந்ததுண்டு.

கிடைப்பது:
பிராண்டு – தெருமுனையிலேயே.
ஜெனரிக் – சில நேரம் ‘ஸ்டாக் இல்லை’.

சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்று வருஷக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு ஜெனரிக்தான் சரி. ராத்திரி 11 மணிக்குத் திடீர்க் காய்ச்சலா? கிடைத்ததை வாங்குங்கள். வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். சின்ன வித்தியாசம்கூட அதில் உடம்புக்குத் தெரியும்.